ஆனி வந்த வழி

சூட்கேஸைத் திறந்ததும் முதலில் எழுந்தது மணம்தான். நனைந்த மழைக்கோட்டையும் ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டையும் ஒன்றாக மடித்து வைத்ததுபோல ஒரு மணம். பிறகுதான் முகம் தெரிந்தது. மூடிய கண்கள், நடுவகிடு எடுத்து வாரிய தலை, உதட்டோரத்தில் சிரிப்பு என்று உறுதியாகச் சொல்லமுடியாத ஒரு நெளிவு. பம்பலப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஒரு கல்லூரியின் மேல்மாடி மண்டபம். சனிக்கிழமை காலை. கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர். விரும்பிய பெற்றோரும் வரலாம் என்று மகள் கொண்டுவந்த கடிதத்தில் ஒரு வரி இருந்ததால், நானும் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

முதலுதவி படிப்பிக்க வந்த சேர் பொம்மையைப் பாயில் கிடத்தினார். இடுப்போடு முடிகிற உடம்பு. கையும் இல்லை, காலும் இல்லை. "இவதான் ஆனி" என்றார்.

"ஆனி மாசத்தில பிறந்தவவோ சேர்?" என்று பின்னாலிருந்து ஒரு பொடியன் கேட்டான். மண்டபம் சிரித்தது. சேரும் சிரித்துவிட்டு, "இவ எந்த மாசம் பிறந்தவ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது தம்பி. சொந்தப் பேரும் தெரியாது. தண்ணியில போன பிள்ளையின்ர முகம் எண்டு சொல்லுவினம்" என்றார். சிரிப்பு நின்றது. ஜன்னலுக்கு வெளியே, மரைன் டிரைவுக்கு அப்பால், தண்டவாளத்தை ஒட்டிக் கடல் இரைந்துகொண்டிருந்தது.

அந்த முகத்தின் கதையை நான் பிறகு தேடிப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பரிஸ் நகரத்துச் சென் நதியிலிருந்து ஒரு இளம் பெண்ணின் உடலை எடுத்தார்களாம். பதினாறு வயது இருக்கலாம். உடம்பில் காயம் இல்லை. அந்தக் காலத்துப் பரிஸில், அடையாளம் தெரியாத உடல்களைப் பிணவறையின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். யாராவது வந்து இது எங்கள் பிள்ளை என்று சொல்லமாட்டார்களா என்று. இந்தப் பிள்ளைக்கு யாரும் வரவில்லை. முகத்தின் அமைதியைப் பார்த்து அங்கிருந்த ஒருவர் சாந்தில் அச்சு எடுத்தாராம். அச்சிலிருந்து பிரதிகள் வந்தன. ஐரோப்பாவின் வரவேற்பறைகளில் அந்த முகம் அலங்காரமாகத் தொங்கியது. கவிஞர் ரில்கே தன் நாவலில் அதைப் பற்றி எழுதினார். எழுத்தாளர் கமுவும் அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். நீரில் கிடந்த உடலின் முகம் இவ்வளவு வழுவழுப்பாக இருக்காது, உயிரோடு இருந்த ஒரு பெண்ணிடம் எடுத்த அச்சாகத்தான் இருக்கவேண்டும் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எனக்கும் அந்தச் சந்தேகம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் உலகம் அவளை நீரில் இறந்தவளாகவே ஏற்றுக்கொண்டுவிட்டது. 'சென் நதியின் அறியாப்பெண்' என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பெயர்.

நீரில் போனவர்களை மீட்கும் முயற்சி அவளைவிட மூத்தது. 1767இல், வாய்க்கால்களின் நகரமான அம்ஸ்ரடாமில் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்போது கொழும்புக் கோட்டையும் ஒல்லாந்தர் கையில்தான் இருந்தது. வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்ன அந்தக் காலத்து மனிதர்கள்தான், துருத்தியால் புகையிலைப் புகையை ஆசனவாய் வழியாக ஏற்றினாலும் உயிர் திரும்பும் என்று நம்பினார்கள். லண்டனின் தேம்ஸ் கரையில் அந்தக் கருவியைத் தயாராகவே வைத்திருந்தார்கள். பிறகு இரு நூற்றாண்டுகளாக ஆளைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கும் முறை, கைகளைத் தூக்கி இறக்கும் முறை என்று ஒவ்வொன்றாக வந்து போயின. ஹோல்கர் நீல்சன் முறை என்ற பெயரைப் பழைய சாரணர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். குப்புறக் கிடக்கிறவரின் முதுகை அமுக்கி, முழங்கையைப் பிடித்துத் தூக்கும் முறை அது. எல்லாவற்றிலும் ஒரே குறை: நினைவற்றுக் கிடக்கிறவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். அடைத்த குழாய்க்குள் என்ன செய்தும் காற்றுப் போகாது.

அதை நிரூபித்தவர் பீற்றர் சாஃபர். வியன்னாவில் பிறந்து அமெரிக்காவின் பால்ட்டிமோரில் வேலை செய்த மயக்கமருந்து வைத்தியர். 1950களின் பிற்பகுதியில், தாங்களாகவே முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து மூச்சுத் தசைகளைச் செயலிழக்க வைத்து, ஒவ்வொரு முறையாகச் சோதித்தார். பழைய முறைகள் தோற்றன. தலையை மல்லாத்தி, நாடியை உயர்த்தி, வாயால் ஊதினால் நெஞ்சு எழும்பியது. வைத்தியம் படிக்காத சாதாரண ஆட்களே ஊதி அதைச் செய்து காட்டினார்கள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. படிக்கிற ஒவ்வொருவருக்கும் பழகிப்பார்க்க, மருந்து கொடுத்து மூச்சை நிறுத்திய மனிதரைக் கொண்டுவந்து கிடத்தமுடியுமா? பழகுவதற்கு ஒரு உடம்பு வேண்டும். எத்தனை பேர் தவறாகச் செய்தாலும் நோகாத உடம்பு.

அந்த உடம்பைச் செய்துகொடுத்தவர் ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரி. நோர்வேயின் ஸ்தவாங்கர் நகரத்து ஓஸ்முண்ட் லெர்டால். 1940இல் வாழ்த்து மட்டைகளும் சிறுவர் படப்புத்தகங்களும் போடத் தொடங்கி, மரப் பொம்மைகளுக்கு மாறி, போருக்குப் பின் வந்த மென்பிளாஸ்டிக்கில் கைதேர்ந்தவர். 'ஆன்' என்ற தூங்கும் பிள்ளைப்பொம்மை அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது. நோர்வேயின் சிவில் பாதுகாப்புப் படையினர் பழகுவதற்காகப் போலிக் காயங்களையும் பிளாஸ்டிக்கில் செய்துகொடுத்திருந்தார். அவருடைய மகன் தூரே இரண்டு வயதில் தண்ணீரில் மூழ்கினான். தகப்பன் பாய்ந்து இழுத்தெடுத்து, மூச்சில்லாமல் கிடந்த பிள்ளையின் நெஞ்சை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றினார். அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளை பிழைத்தது. நம்மூரில் மூழ்கிய பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை அமுக்குகிறார்களே, அவர்களுக்கும் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லோரும் பிழைப்பதில்லை.

சாஃபரின் வேலையைப் பற்றி அறிந்திருந்த ஸ்தவாங்கர் வைத்தியர் பியோர்ன் லிண்ட் வந்து, பழகுவதற்கு ஒரு பொம்மை செய்யமுடியுமா என்று கேட்டபோது, லெர்டாலுக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. முகம் மட்டும்தான் யோசனை. ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க அந்தக் காலத்து ஆண்கள் தயங்குவார்கள் என்று நினைத்தார், பெண்ணாக இருக்கட்டும். பயமுறுத்தாத முகமாகவும் இருக்கவேண்டும். உறவினர் வீட்டுச் சுவரில் எப்போதோ பார்த்த சாந்து முகம் நினைவுக்கு வந்தது. சென் நதியில் யாரும் வந்து காப்பாற்றாதவளின் முகம், காப்பாற்றப் பழகும் பொம்மைக்கு வந்துசேர்ந்தது இப்படித்தான். பெயர் தன் பழைய பொம்மையினுடையது: ஆன். நம் பிள்ளைகளின் வாயில் ஆனி.

அதே ஆண்டுகளில் பால்ட்டிமோரின் இன்னொரு மூலையில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், மற்றப் பாதி நடந்துகொண்டிருந்தது. கோவென்ஹோவன் எழுபது வயது தாண்டிய மின்பொறியியலாளர். அவருடைய ஆய்வுகூடத்தில், நாயின் நெஞ்சில் மின்தகட்டை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாய்ச்சும் முன்பே இரத்த அழுத்தம் சற்று ஏறுவதை நிக்கர்பொக்கர் என்ற இளைஞர் கவனித்தார். அழுத்தமே போதும் போலிருந்தது. சத்திரசிகிச்சை வைத்தியர் ஜூட்டும் சேர்ந்துகொண்டார். 1960 ஜூலையில் வந்த அவர்களின் கட்டுரை, நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அமுக்கியே இதயத்தின் வேலையைச் செய்யலாம், அதற்கு வேண்டியது இரண்டு கை மட்டுமே என்றது. முதலில் சொன்ன 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்திருந்தார்கள். பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு சுருள்வில் வையுங்கள் என்று லெர்டாலிடம் சொன்னவர் சாஃபர். மூச்சுக்குச் செய்த பொம்மை, அதோடு இதயத்துக்கும் ஆயிற்று. 1960இல் ஆனி வெளியே வந்தாள். அடுத்த ஆண்டே நோர்வேயின் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அவள்மேல் ஊதிப் பழகினார்கள். லிண்ட் அதைக் கட்டுரையாகவே எழுதினார்.

பள்ளிக்கூடத்தில் தொடங்கியதுதான் இந்தக் கதையிலேயே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன். டென்மார்க் 2005இல் இந்தப் பயிற்சியைப் பாடசாலைகளில் கட்டாயமாக்கியது. சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கிறவர்களுக்கும் பயிற்சி வைத்தது. அங்கே 2001இல் இதயம் நின்று விழுந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் பக்கத்தில் நின்றவர் கைகொடுத்தார். 2010இல் அது நூற்றுக்கு 45 ஆகியது. முப்பது நாள் தாண்டி உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 3.5 இலிருந்து 10.8 ஆனார்கள். மூன்று மடங்கு. எல்லாம் பயிற்சியால் மட்டும் வந்ததல்ல. ஆனாலும் பக்கத்தில் நின்றவரின் கையில்தான் அது தொடங்கியது. பன்னிரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணித்தியாலம் படிப்பியுங்கள் என்ற கோரிக்கையை 2015இல் உலக சுகாதார நிறுவனமும் ஆதரித்தது. ஆண்டுக்கு இரண்டு மணித்தியாலம். ஒரு ரியூசன் வகுப்பின் நேரம்.

நான் எண்களை இப்படி அடுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2014இல் மழை பெய்த ஒரு இரவு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில், சாப்பிட்டுவிட்டு எழுந்த பெரியப்பா அப்படியே சரிந்தார். வீட்டில் எட்டுப் பேர். பெரியம்மா உள்ளங்காலில் தைலம் தேய்த்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் விசிறினார், ஒருவர் சோடாவுக்கு ஓடினார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அவர் குறட்டை விடுவதுபோல இடையிடையே இழுத்தார். கதிரையில் வைத்துப் படியால் இறக்கி, காலி வீதியில் மறித்த ஓட்டோவில் ஏற்றும்போது அந்தக் குறட்டையும் நின்றிருந்தது. எட்டுப் பேரில் ஒருவரும் அவருடைய நெஞ்சில் கை வைக்கவில்லை.

மண்டபத்தில் சேர் அந்தச் சத்தத்தைத் தானே செய்து காட்டினார். வாயைத் திறந்து, நாடியைத் தூக்கி, தொண்டைக்குள் ஒரு இழுவை. "இதைக் கேட்டா மூச்சு எண்டு நினைக்கக்கூடாது பிள்ளையள். இதயம் நிண்ட பிறகு மூளை அடிக்கிற கடைசி மணி இது. தட்டிக் கூப்பிட்டும் எழும்பேல்லை, மூச்சு ஒழுங்கா இல்லை எண்டா, 1990க்கு அடிக்கச் சொல்லிப்போட்டு அமுக்கத் தொடங்குங்கோ." என் மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் கதை அவளுக்குத் தெரியும். நான் எழுந்து வெராந்தாவுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரியப்பா சரிந்த அன்றைக்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கவில்லை. 2016 ஜூலையில், இந்திய அரசின் நன்கொடையாக வந்த 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. 2018இல் வடக்குக்கும் வந்தது. காசு வாங்காமல் வருகிறார்கள், அருமையான சேவை. ஆனாலும் மாலை ஆறு மணிக் காலி வீதியை நினைத்துப்பாருங்கள். இதயம் நின்று நாலைந்து நிமிடத்தில் மூளை பழுதாகத் தொடங்கும். கைகொடுக்க ஆளில்லாத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கைத் தின்றுவிடும். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும், வரும்வரைக்குமான நிமிடங்கள் வீட்டில் இருக்கிறவர்களுடையவை.

திரும்பி வந்தபோது பிள்ளைகள் முறையாக அமுக்கிக்கொண்டிருந்தார்கள். நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகம், அதன்மேல் மற்றக் கை, முழங்கை மடியக்கூடாது, தோள் நேர்மேலே. ஐந்து சென்ரிமீற்றர் இறங்கவேண்டும், ஆறைத் தாண்டக்கூடாது. சரியான ஆழத்துக்குப் போனால் ஆனிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். முதல் பிள்ளைக்கு டிக் கேட்கவேயில்லை. "நோகும் எண்டு பயப்படுறியள்" என்றார் சேர். "விலா எலும்பு முறிஞ்சாலும் பறவாயில்லை. ஆள் இருந்தாத்தானே எலும்பு பொருந்தும்." நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது. முப்பது தரம் அமுக்கி இரண்டு மூச்சு. அமுக்கிவிட்டு முழுதாக எழும்ப விடவேண்டும்; நெஞ்சு விரிந்தால்தான் இதயத்துக்குள் இரத்தம் திரும்ப நிறையும்.

அப்போதுதான் அதைக் கவனித்தேன். பத்துவரை எல்லோரும் சரியான வேகத்தில் போகிறார்கள். பதினொன்று, பன்னிரண்டு என்று வந்ததும் கை தளர்கிறது. இருபத்தேழு, இருபத்தெட்டில் வேகம் அரைவாசி. களைப்பு என்று நினைத்தேன். சேர் சொன்னார், அது தமிழ் எண்ணின் நீளம். வாய் ஒரு சொல்லை முடிக்கும்வரை கை காத்திருக்கிறது. "பத்துவரைக்கும் மூண்டு தரம் எண்ணுங்கோ. இங்கிலீஸ் புத்தகத்தில இது இருக்காது." மிருதங்கம் படிக்கிற ஒரு பிள்ளை எண்ணவேயில்லை, காலப்பிரமாணம் அவளுக்குக் கையிலேயே இருந்தது. கடைசிவரை ஒரே சீராக டிக், டிக், டிக்.

தமிழில் வைத்தியம் படிப்பிப்பது நமக்குப் புதிதல்ல. மானிப்பாயில் 1848 தொடக்கம் வைத்தியம் பார்த்த சாமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கினார். அந்த மண்ணிலிருந்து வந்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு, அன்றைக்குக் கையில் கிடைத்த பயிற்சித்தாள் முழுக்க ஆங்கிலத்தில். சேர்தான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக் கொடுத்தார். பதறிப்போய் நிற்கிற நேரத்தில், அம்மாவோடு எந்த மொழியில் பேசுகிறோமோ அந்த மொழியில் படித்ததுதானே நினைவுக்கு வரும்?

ஒரு பிள்ளை கை உயர்த்தினாள். "சேர், சேலை உடுத்த ஆள் எண்டா? தாலி, பின் எல்லாம் இருக்குமே?" ஆண் பிள்ளைகள் தலை குனிந்தார்கள். சேர் குரலை மாற்றவேயில்லை. "உடுப்புக்கு மேலாலேயே அமுக்கலாம். பின் குத்துற இடத்தில இருந்தா மட்டும் விலக்குங்கோ. தாலியைத் தோளுக்குப் பின்னால தள்ளிவிடுங்கோ. ஆம்பிளையா பொம்பிளையா எண்டு பாக்கிற நேரமில்லை அது." எனக்கு அந்தக் கேள்வியும் பதிலும்தான் அன்றைய பாடத்தின் நடு. 2018இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் நூற்றுக்கு 45 பேருக்கும் பெண்களில் 39 பேருக்குமே பக்கத்தில் நின்றவர்கள் நெஞ்சை அமுக்கியிருந்தார்கள். அங்கேயே அப்படியென்றால், தொடுவதற்கு இத்தனை கணக்குப் பார்க்கும் நம் சமூகத்தில் எப்படி இருக்கும்? ஆனிக்குப் பெண்ணின் முகம் இருக்கிறது, நெஞ்சு தட்டையானது. பெண் உடலில் இந்தக் கைகள் பழகவேயில்லை. மார்புள்ள பொம்மைகள் அண்மையில் வரத் தொடங்கியிருக்கின்றன. அவை நம் வகுப்புகளுக்கும் வந்தாகவேண்டும்.

இடைவேளையில் சேர் ஆனியின் நெஞ்சுத் தோலைக் கழற்றிக் காட்டினார். உள்ளே சுருள்வில், அதைத் தாங்கும் சட்டம், மூச்சு நிறையும் மெல்லிய பிளாஸ்டிக் பை. தலையை மல்லாத்தாவிட்டால் கழுத்துக்குள் குழாய் மடங்கிக்கொள்ளும். என்ன ஊதினாலும் பை எழும்பாது. சாஃபர் கண்டுபிடித்ததை ஒரு மடிப்பில் வைத்திருக்கிறார்கள். வில்லில் துரு படிந்திருந்தது. இந்தக் கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது என்றார். கொரோனாக் காலத்தில் இரண்டு வருடம் சூட்கேஸைத் திறக்கவேயில்லையாம். திறந்தபோது கன்னத்தில் பூஞ்சணம். 2022இல் மருந்துக்கே டொலர் இல்லாத நாட்டில் பொம்மைக்கு நுரையீரல் யார் இறக்குவார்கள்? கடையில் வாங்கிய பொலித்தீன் பையை வெட்டி ஒட்டிச் சமாளித்திருக்கிறார். ஒட்டிய பையிலும் நெஞ்சு எழும்பியது.

பிற்பகலில் பெற்றோரையும் கூப்பிட்டார். நான் முழந்தாளிட்டேன். இவ்வளவு கிட்டத்தில் அந்த முகத்தைப் பார்த்தபோது, உதடு மற்ற இடங்களைவிட மங்கலாக இருந்தது தெரிந்தது. எத்தனை தரம் ஸ்பிரிட்டால் துடைத்திருப்பார்களோ. கையை வைத்தேன். "இன்னும் இறக்குங்கோ அம்மா" என்றார் சேர். இறக்கினேன். டிக். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாவது பத்தில் தோள் வலித்தது. மூன்றாவது பத்தில் வியர்வை கண்ணில் இறங்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள் என்று அப்போது உடம்புக்கே விளங்கியது. எட்டுப் பேர் இருந்தோம் அன்றைக்கு. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் பதினாறு நிமிடம்.

மகள் வந்து என் தோளில் தட்டி, "அம்மா, இனி நான்" என்று மறுபக்கத்தில் முழந்தாளிட்டாள். எண்ணிக்கை விடாமல் கை மாறினோம்.

மூன்றரைக்கு வகுப்பு முடிந்தது. சேர் பையைக் கழற்றிக் குப்பையில் போட்டு, முகத்தை ஒருமுறை துடைத்து, சூட்கேஸை மூடினார். கீழே ஓட்டோ காத்து நின்றது. அடுத்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனையாம். நாற்பது பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். நுரையீரல் பை பன்னிரண்டுதான் மிச்சம், எப்படியும் சமாளிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே சூட்கேஸைப் பக்கத்தில் ஏற்றி உட்காரவைத்தார். ஓட்டோ காலி வீதியில் வலப்பக்கம் திரும்பும்வரை பின்வரிசைப் பொடியன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் கோர்த்து, முழங்கையை நீட்டி, காற்றில் எதையோ அமுக்கிக்கொண்டு.